ஏழாவது பொருத்தம்

நேரு பிளேஸுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு அவசியம். கையில் ஒரு பட்டியல். காலில் தேயாத செருப்பு. தெற்கு தில்லியின் இந்தக் கம்ப்யூட்டர் சந்தைக்குள் பட்டியல் இல்லாமல் நுழைகிறவர், தனக்கு வேண்டியதை விட்டுவிட்டுக் கடைக்காரர் விற்க நினைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு, எங்கே போனாலும் இதே கதைதான்.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பனிமூட்டம் முழுதாகக் கலைவதற்குள் என் தங்கை மகன் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கு வயது 18. பொறியியல் முதலாண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததும், பாட்டி கொடுத்ததுமாக அவனிடம் 90,000 ரூபாய் இருந்தது. அதை வைத்து, விளையாட்டுகள் ஆடுவதற்கான கம்ப்யூட்டர் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டிவிட வேண்டும் என்பது ஆசை. "ரெடியாகவே கடையில் கிடைக்கிறதே" என்றார் அவன் அப்பா. தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு பாகமும் என்ன தரம் என்று நமக்குத் தெரியும், நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று இவன் வாதாடினான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது: பெரியவர் யாராவது கூடப் போகவேண்டும்.

அந்தப் பெரியவர் நான். தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு, இந்தியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைக்கிறவள். கம்ப்யூட்டரை 25 வருஷமாகத் தட்டுகிறேன். அதன் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. கடைக்காரர்களிடம் இந்தியில் பேரம் பேசுவேன் என்ற ஒரே தகுதியில் தேர்வானேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவு அவன் சாப்பாட்டு மேஜையில் பட்டியலை விரித்துவைத்து, எதற்கு எது ஒத்துவரும் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தான். என் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குமாடா பத்துப் பொருத்தம் பாக்கணும்?"

"பத்து இல்ல பாட்டி. ஆறுதான்."

பட்டியலின் கடைசி வரியில், "பழைய ஹார்ட் டிஸ்க் – வீட்டில் இருக்கு, வாங்க வேண்டாம்" என்று எழுதியிருந்தான். அது தங்கை வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் அவள் கல்யாணப் படங்கள் இருந்தன. அதைவிட முக்கியம், என் அப்பாவின் குரல் இருந்தது. 1962இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறி தில்லிக்கு வந்தது, முதல் குளிர்காலத்தில் போர்வை இல்லாமல் நடுங்கியது, தலைமைச் செயலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது என்று அவர் சொன்ன கதைகளை 2014இல் என் தங்கை போனில் பதிவு செய்து அதில் போட்டுவைத்திருந்தாள். 2018இல் அப்பா போய்விட்டார். அந்தப் போனும் எங்கோ போய்விட்டது.

அந்த ஆறு பொருத்தங்களை மெட்ரோ ரயிலில் அவன் எனக்கு விளக்கினான். விளக்கியதில் எனக்குப் புரிந்ததை, பின்னால் சரிபார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் பொருத்தம், பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும். பிராசஸர் கணக்குப் போடும் மூளை. மதர்போர்டு அது உட்காருகிற மணை. உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். இன்டெல் கம்பெனி 2021இல் கொண்டுவந்த சாக்கெட்டில் 1700 தொடுமுனைகள், அதனால் எல்.ஜி.ஏ. 1700 என்றே பெயர். ஏ.எம்.டி. கம்பெனி 2022இல் கொண்டுவந்த ஏ.எம். 5 சாக்கெட்டில் 1718. "பதினெட்டுதானே அதிகம்?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஒன்றுக்குரியது மற்றதில் உட்காரவே உட்காராது. ஒரே கம்பெனிக்குள்ளும் உறவு முறிவதுண்டு. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் 1700இல் உட்காரும். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851 முனைகள் உள்ள வேறு சாக்கெட். போர்டையும் மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது பொருத்தம் கண்ணுக்குத் தெரியாதது. மதர்போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு சின்ன மென்பொருள் குடியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழிப்பது அதுதான். பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியவேண்டும். ஏ.எம்.டி.யின் முதல் ரைசன் பிராசஸர்கள் 2017இல் ஏ.எம். 4 சாக்கெட்டில் வந்தன. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600க்கும் அதே சாக்கெட்தான். ஆனால் 2017ஆம் வருஷத்துப் போர்டில், பயாஸைப் புதுப்பிக்காமல் அதைப் பூட்டினால் அழகாக உட்காரும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். கடையில் ரொம்ப நாள் தூங்கிய பெட்டியை வாங்குகிறவர்களுக்கு இது நேரும். சில போர்டுகளில் பிராசஸரே இல்லாமல், ஒரு பென் டிரைவை மட்டும் செருகிப் பயாஸைப் புதுப்பிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. போர்டு வாங்கும்போது அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ராம் என்கிற நினைவகம். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள். பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் முன்னதற்கு 1.2 வோல்ட், பின்னதற்கு 1.1 வோல்ட். மாறிப்போய்விடக் கூடாது என்பதற்காக விளிம்பில் உள்ள சிறிய வெட்டை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஏ.எம். 5 போர்டு டி.டி.ஆர். 5ஐ மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் 1700 போர்டுகளில் சில 4ஐ ஏற்கும், சில 5ஐ ஏற்கும். பெட்டியின் மேல் பார்த்து வாங்கவேண்டும். ஒரே 32 ஜி.பி.யாக வாங்குவதைவிட, ஜோடியாக விற்கும் இரண்டு 16 ஜி.பி. வேகமாக ஓடும். பெட்டியில் 6000 என்று வேகம் போட்டிருந்தாலும், பயாஸுக்குள் போய் அந்த அமைப்பை இயக்கிவைக்காத வரை அதைவிட மெதுவாகத்தான் ஓடும். இது தெரியாமல், கொடுத்த காசுக்குரிய வேகத்தை வருஷக்கணக்கில் அனுபவிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக்கு உயிர் இதுதான். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை இதுவே சாப்பிடும். இதைச் செருகும் துளை நீளமானது. எந்தக் கார்டும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் துளையின் நீளம் வேறு, அதில் எத்தனை பாதை வழியாகத் தகவல் ஓடுகிறது என்பது வேறு. 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு, 16 பாதைக்கான துளையில் உட்கார்ந்துகொண்டு நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும். புதிய போர்டில் அதனால் பெரிய நஷ்டமில்லை. பழைய போர்டில் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி. விலை குறைவென்று பழைய கம்ப்யூட்டருக்காக அதை வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். இன்னொன்று: இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குத் தானாகப் படம் காட்டும் திறன் கிடையாது. கார்டு பழுதானால் திரையும் இருட்டு. எங்கள் வீட்டுப் பிள்ளை ரைசன் 5 7600ஐத் தேர்ந்தெடுத்ததற்கு, அதற்குள் படம் காட்டும் சிறிய பகுதி ஒன்று இருப்பதும் ஒரு காரணம்.

ஐந்தாவது, இடப்பொருத்தம். மதர்போர்டுகள் அளவு வாரியாக வருகின்றன. ஏ.டி.எக்ஸ். 305 மில்லிமீட்டர் நீளம், 244 அகலம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170. பெரிய கேபினெட்டில் சின்னப் போர்டு போகும், மறுபடி ஆகாது. போர்டு போனால் மட்டும் போதாது. மூன்று விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு 300 மில்லிமீட்டரைத் தாண்டுவதுண்டு. பிராசஸரைக் குளிர்விக்கும் கோபுரம் 155, 160 என்று உயரும். பக்கவாட்டு மூடி மூடாது. தில்லி போன்ற ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மே மாதம் 45 டிகிரி வெயிலில், முன்பக்கம் முழுதும் கண்ணாடியால் அடைத்த கேபினெட் அடுப்பாகிவிடும். வலை போட்ட முன்பக்கமே நல்லது. தூசியைத் துடைக்கும் வேலை வருவது வரட்டும்.

ஆறாவது, மின்சாரம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 என்று பிரித்துக் கொடுக்கும் பெட்டியை நம் ஊரில் எஸ்.எம்.பி.எஸ். என்போம். அவன் எடுத்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். பிராசஸருக்குப் பெயரளவில் 65. கூட்டினால் 180. ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா கம்பெனியே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறது. மற்ற பாகங்களுக்கும் வேண்டும், விளையாட்டின் நடுவில் நொடியில் எழுந்து விழும் தேவைக்கும் வேண்டும். '80 பிளஸ்' என்ற முத்திரை வாங்கிய மின்சாரத்தில் 100க்கு 80 பங்காவது வீணாகாமல் போய்ச்சேரும் என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அல்ல. இதோடு வீட்டு யு.பி.எஸ்.ஸையும் பார்க்கவேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரன்ட் போகும் நேரத்தில் விளையாட்டு மும்முரமாக இருந்தால், காப்பாற்ற வந்த யு.பி.எஸ்.ஸே முதலில் கையை விரித்துவிடும்.

யோசித்துப் பார்த்தால், இத்தனை கம்பெனிகள் செய்த பாகங்கள் ஒரு பெட்டிக்குள் ஒத்துப்போவதே ஆச்சரியம்தான். அதற்கு வித்திட்டது ஐ.பி.எம். 1981 ஆகஸ்டில் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அவசரம் கருதி, எல்லாவற்றையும் தானே செய்யாமல் வெளியார் பாகங்களை வாங்கிப் பூட்டியது. பிராசஸர் இன்டெல்லுடையது, இயங்குமென்பொருள் மைக்ரோசாஃப்டுடையது. உள்விவரங்களையும் புத்தகமாகப் போட்டது. மற்றவர்கள் பார்த்து அதற்கு ஒத்த இயந்திரங்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு கம்பெனியின் வடிவம் உலகத்துக்கே பொது வடிவமாயிற்று. நேரு பிளேஸ் போன்ற சந்தைகள் பிழைப்பதே அந்தப் பொது வடிவத்தால்தான்.

கடைகளில் என் பேரத்துக்கு அவ்வளவாக வேலை இருக்கவில்லை. அவன் பட்டியல்தான் பேசியது. ஒரு கடையில், கேபினெட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார்கள். 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவன் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். தகர டப்பா மாதிரி இருந்தது. "இலவசமா வேண்டாம், பெரியம்மா. கார்டோட விலை தெரியுமில்ல?" என்றான். இன்னொரு கடையில், கேட்ட போர்டு இல்லை, இது அதைவிட உசத்தி என்று வேறொன்றை எடுத்து வைத்தார்கள். உசத்திதான், ஆனால் இவன் கேபினெட்டுக்குள் போகாது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில், பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பர். பில் இல்லாமல் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள், பாகம் பழுதானால் நம்மையும் மறந்துவிடுவார்கள்.

ஆனது 88,000 ரூபாய் சொச்சம். 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதில் ராம் விலை தலைதெறிக்க ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, 'குருசியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த நினைவக வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. தவறான ராமை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிற காலம் இல்லை இது.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர் உருவாயிற்று. பிராசஸரை வைத்தபோது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் வந்து டார்ச் பிடித்தார். பதினொரு மணிக்கு சுவிட்சைப் போட்டான். விசிறிகள் சுற்றின, திரையில் எழுத்து வந்தது. என் அம்மா, சாமிக்கு வைத்திருந்த குங்குமத்தில் கொஞ்சம் எடுத்து மூடியின் மேல் வைத்தாள். ஆறு பொருத்தமும் அமோகம்.

மிச்சம் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். புதிய எஸ்.எம்.பி.எஸ். 'மாடுலர்' வகை, கம்பிகள் அதோடு ஒட்டியிருக்காது, வேண்டியதை மட்டும் செருகிக்கொள்ளலாம். டிஸ்க்குக்கான கம்பி, கேபினெட்டில் டிஸ்க் வைக்கும் இடத்துக்கு எட்டவில்லை. கீழ்வீட்டு நண்பனிடம் இன்னொரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நீளமான கம்பி சும்மா கிடந்தது. ஓடிப்போய் வாங்கி வந்தான். ஒரு முனை டிஸ்க்கில் சரியாக உட்கார்ந்தது. மறுமுனை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 'டக்' என்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டான்.

விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. மெல்லிய கருகல் வாடை.

கம்பியைப் பிடுங்கியபின் கம்ப்யூட்டர் பழையபடி ஓடியது. டிஸ்க் மட்டும் அசையவில்லை. வேறு கம்பியில் போட்டும் அசையவில்லை. அவன் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். என் தங்கை ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை மறுபடி நேரு பிளேஸ். மாடிப்படிக்கு அடியில், ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சால்டரிங் அயர்ன் மட்டும் வைத்திருந்த ஒருவரிடம் போகச் சொன்னார்கள். அறுபது வயதிருக்கும். டிஸ்க்கை நீட்டியதும் அவர் அதை வாங்கவில்லை. "கம்பியைக் காட்டு, பேட்டா" என்றார். பையில் இருந்த கம்பியை எடுத்துக் கொடுத்தான். எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகினாய் என்று கேட்டார். சொன்னான். அவர் கம்பியின் இரண்டு முனைகளையும் மீட்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் படம் போட்டார்.

டிஸ்க் பக்கத்து முனைக்குப் பொது விதி உண்டு. உலகம் முழுவதும் ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைக்குப் பொது விதி இல்லை. எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பது அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவதுண்டு. ஆனால் பிளாஸ்டிக் முனையின் வடிவம் பல கம்பெனிகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். எங்கள் கம்பி 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12ஐக் கொண்டுபோயிருக்கிறது.

"அது நன்றாகத்தானே உட்கார்ந்தது, அங்கிள்?" என்றான் இவன், கிட்டத்தட்ட அழுகையோடு.

"லக்னா அலக் ஹை, சல்னா அலக் ஹை" என்றார் அவர். பொருந்துவது வேறு, ஓடுவது வேறு.

பிறகு, வேலை பார்த்துக்கொண்டே பழைய கதை சொன்னார். 1990களின் முற்பகுதியில், மதர்போர்டுக்கு மின்சாரம் இரண்டு தனித்தனி பிளக்குகளில் வரும். இரண்டும் ஒரே மாதிரி. இடம் மாற்றிச் செருகினால் போர்டு எரிந்துவிடும். 'கறுப்போடு கறுப்பு சேரணும்' என்பதுதான் தொழிலுக்கு வந்ததும் கற்றுக்கொண்ட முதல் பாடமாம். இரண்டு பிளக்கின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அடுத்தடுத்து வரவேண்டும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். விதி, அந்த இரண்டையும் தப்பாகச் செருகவே முடியாத ஒரே பிளக்காக்கியது. அதோடு அந்த ஆபத்து போயிற்று. பல வருஷம் கழித்து, கழற்றி மாட்டும் கம்பிகளோடு அதே ஆபத்து பின்கதவு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அவர் சொன்னதைக் கேட்டபோது என் தொழிலில் நான் பட்டது நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் பின்னிரவு, ஓர் இந்தி எழுத்தாளரின் 'உபன்யாஸ்' விருது பெற்ற செய்தியை அவசரத்தில் 'உபந்யாசத்துக்கு விருது' என்று தமிழாக்கி அனுப்பிவிட்டேன். இந்தியில் அது நாவல். நமக்குக் கோயில் மண்டபத்தில் நடக்கும் கதாகாலட்சேபம். 'அவ்ஸர்' என்றால் அங்கே வாய்ப்பு. அதே சொல் தமிழுக்கு வந்தால் அவசரம். 'சன்ஸார்' அங்கே உலகம். இங்கே சம்சாரம் என்றால் பெண்டாட்டி. முற்றிலும் தெரியாத சொல் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றாது, அகராதியை எடுக்கவைக்கும். ஏமாற்றுவது, தெரிந்த முகத்தோடு வந்து வாக்கியத்தில் 'டக்' என்று உட்காரும் சொல்தான்.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் என்று அன்று புரிந்தது. உட்கார மறுக்கும் பாகம் நம்மைக் காப்பாற்றுகிறது. ராமில் இடம் மாறிய அந்தச் சிறிய வெட்டு, யாரோ ஒரு பொறியாளர் முன்கூட்டியே யோசித்து நமக்காகப் போட்ட தடை. 18 முனை அதிகமுள்ள சாக்கெட்டும் அப்படியே. கடைக்குத் திரும்பிப்போய் மாற்றிக்கொள்ளலாம். நஷ்டம் ஆட்டோ சத்தம்தான். தடை போடாத இடங்களில்தான் பொருத்தம் பார்க்கவேண்டும்: பழைய பயாஸ், பாதை குறைந்த கார்டு, அடுத்தவர் கம்பி. முழுதாக உள்ளே போகாத பிளக்கையும் இதில் சேர்க்கலாம். 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090, 450 வாட் இழுக்கும் கார்டு. அதன் பிளக் உருகியதாகப் புகார்கள் கிளம்பியபோது, பிளக் முழுதாக உள்ளே தள்ளப்படாததைப் பொதுவான காரணமாக என்விடியா சொன்னது. பார்த்தால் உட்கார்ந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

மாடிப்படிக்காரர் டிஸ்க்கின் அடிப்பக்கத்துப் பச்சைத் தகட்டைக் கழற்றி, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார். மிளகைவிடச் சிறிய ஒரு கறுப்புத் துண்டைச் சுட்டினார். அது டயோடு. அளவுக்கு மீறிய வோல்ட் வந்தால், தான் எரிந்து அதை வழியிலேயே தரைக்குத் திருப்பிவிடுவதற்காகவே வைக்கப்படுவது. எங்கள் டிஸ்க்கில் அது தன் வேலையைச் செய்திருந்தது. அதை எடுத்துவிட்டால் டிஸ்க் சுற்றலாம். ஆனால் இனி காவல் கிடையாது. "சுற்றினால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் இதை நம்பவேண்டாம்" என்றார்.

சால்டரிங் அயர்னின் நுனி பட்டது. புகை வந்தது. மின்சாரம் கொடுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, மெல்லிய ரீங்காரம்.

எல்லா டிஸ்க்கும் இப்படிப் பிழைக்காது. அந்தக் குட்டிக் காவலுக்கு அப்பாலும் மின்சாரம் பாய்ந்திருந்தால் ஆயிரக்கணக்கில் செலவழித்தும் வெறும் கையோடு திரும்பியிருப்போம். எங்களுக்கு அதிர்ஷ்டம். கொண்டுபோயிருந்த புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மனிதர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் பேரம் பேசவில்லை.

அங்கேயே, சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு பதிவைத் திறந்தான். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் என் அப்பா இருமிவிட்டு, "ஜி.டி.யில மூணாங் கிளாஸ்..." என்று ஆரம்பித்தார். நடுவில் அவர் நிறுத்தியபோது, ஒரு சின்னப் பையனின் குரல், "அப்புறம் தாத்தா?" என்றது. எட்டு வயதில் இவன் கேட்டது. மாடிப்படிக்காரருக்கு மொழி புரியவில்லை. ஆனால் அயர்னைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பதிவுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று என் வீட்டில். அவன் கல்லூரியில் யார் கம்ப்யூட்டர் பூட்டினாலும் இவனுடைய பட்டியலைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்களாம். அதில் ஆறு வரிகளுக்குக் கீழே, வேறு மையில், ஏழாவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "கம்பி – அந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலேயே வந்தது மட்டும். எட்டாவிட்டால் விட்டுவிடு."

தங்கை வீட்டுப் பரணில் பழைய கம்பிகள் ஒரு பழைய துணிப்பையில் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டிலும், எந்தப் பெட்டியோடு வந்தது என்று எழுதிய சீட்டு ஒன்று நூலில் தொங்குகிறது. எழுத்து அவன் அப்பாவுடையது.